அறிவிப்பாளர் வீட்டம்மாவின் சம்மதம்

பத்திரப் பதிவு அலுவலகத்தில், "இந்த வீட்டை விக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?" என்று பதிவு அலுவலர் கேட்டபோது, மனைவியின் வாயிலிருந்து கணவரின் குரல் வந்தது. அப்போது மணி பதினொன்று இருபது. "முழுச் சம்மதம்" என்றது குரல். கணவர் அந்த நேரம் அறைக்கு வெளியே, தரையில் தீட்டியிருந்த பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், குடையை ஊன்றிக்கொண்டு வாயை மூடி நின்றிருந்தார். அதற்கு ஒன்பது பேர் சாட்சி. அவர் முப்பது ஆண்டுகள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஒலிபெருக்கியில் அவர் குரலைக் கேட்டே வளர்ந்த ஊர் அது. ஆகவே கதவு வழியாக அந்தக் குரல் வெளியே வந்ததும், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் வாசல்வரை போய்த்தான் திரும்பினார்.

பதிவு அலுவலர் கண்டிப்பான பெண்மணி. காகிதத்தில் ஒரு சொட்டு மை சிந்தியிருந்தால் அது எந்தப் பக்கத்திலிருந்து சிந்தியது என்று கேட்கக்கூடியவர். குரல் வந்த வாயை ஒருமுறை பார்த்தார், வெளியே நின்ற ஆளை ஒருமுறை பார்த்தார், பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்தார். குடும்பம் குடியிருக்கும் வீட்டை, அது யார் பெயரில் இருந்தாலும், கணவன் தனியாகவோ மனைவி தனியாகவோ விற்க முடியாது. மற்றவர் நேரில் வர வேண்டும். விற்பவர் பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வந்தவர் தன் வாயால், தன் குரலில், சம்மதம் என்றோ சம்மதமில்லை என்றோ சொல்ல வேண்டும். கையெழுத்து போதாதா என்றால் போதாது. கையைப் பிடித்துப் போடவைத்த கையெழுத்துகள் அந்த அலுவலகத்துப் பழைய அலமாரிகளில் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் இந்தச் சட்டமே எழுதப்பட்டது.

"அம்மா, இது உங்க குரல் இல்லையே."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றது கணவரின் குரல், மனைவியின் வாயால். சொன்ன கையோடு அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொண்டை கட்டியிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா" என்றது குரல், விரல் இடுக்கு வழியாக.

பதிவு அலுவலர் பேனாவை மூடினார். படிவத்தின் ஓரத்தில் "வாய் இவருடையது, குரல் இவருடையதல்ல" என்று எழுதி, மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தார். கணவர் காலையிலேயே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டிருந்தார். ஒருவர் போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அடுத்தவர் வாய் திறக்கும்வரை அது அங்கேயே காத்திருக்கும். வீடு அன்றைக்குப் பாதி விற்ற வீடாக நின்றது.

இது எப்படி நேர்ந்தது என்று ஊரில் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். விஷயம் எளிமையானது. வீட்டம்மா துணி திருத்துகிற வேலை செய்தவள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த வீட்டின் பின்னறையில் முப்பத்தோரு ஆண்டுகள் அவளுடைய மெஷின் ஓடியது. புதுத்துணி தைப்பதில்லை. நீளமான பேண்ட்டைக் குட்டையாக்குவது, இறுகிய சட்டையைப் பிரித்துவிடுவது, திரைச்சீலைக்குக் கீழ்மடிப்பு அடிப்பது, இவைதான். இதற்குக் குண்டூசி வேண்டும். குண்டூசியை வைத்துக்கொள்ள மூன்றாவது கை இல்லாததால் வாயில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை அவள் உதடுகளுக்கு இடையில் குறைந்தது ஏழு குண்டூசிகள் இருந்தன. அறிவிப்பாளருக்கு விடியற்காலைப் பணி. பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். யாராவது வந்து அவளை ஏதாவது கேட்பார்கள். அவள் குண்டூசிகளைக் கையில் எடுப்பதற்குள் கூடத்திலிருந்து பதில் வந்துவிடும். பக்கத்து வீட்டம்மாள், "சினிமாவுக்கு வர்றியா?" என்பாள், "அவளுக்குக் கூட்டம் ஆகாது" என்று கூடம் சொல்லும். டாக்டர் வந்து, "வலி எங்கம்மா?" என்பார், "முதுகுல" என்று கூடம் சொல்லும். டாக்டர் முதுகுக்கு மருந்து எழுதுவார். வலி முழங்கையில். அவள் அந்த மருந்தை முழங்கையில் தடவிக்கொள்வாள்; அதுவும் ஓரளவு கேட்கத்தான் செய்தது.

அவர் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மௌனம் விழுந்தால் யாருக்கோ வண்டி தவறிவிடும் என்று பதறுகிற ஆள், அவ்வளவுதான். நல்ல எண்ணத்தில்தான் எல்லாவற்றுக்கும் முந்தினார்.

வீட்டை விற்கும் யோசனையும் அப்படி வந்ததுதான். அவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டு பேருந்து நிலையத்தைப் புறவழிச் சாலைக்கு மாற்றினார்கள். பின்தெருவில் சத்தம் நின்றது. ஹாரனும் எஞ்சினும் இல்லாத பகல்களில் அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. புது நிலையத்துக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் கட்டிடம் எழும்பியது. அதன் ஆறாவது மாடியில், பால்கனியில் நின்றால் நாற்பது வண்டிகளின் கூரையும் தெரிகிற வீடு ஒன்றைப் பேசி முடித்தார். பின்னறை வாசலில் நின்று, "போயிடலாம்ல?" என்று மனைவியைக் கேட்கவும் செய்தார். அவள் வாயில் ஒன்பது குண்டூசிகள். "சரிங்கிறா" என்று அவரே தெருவுக்குச் சொன்னார். வீட்டை வாங்க முன்வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சாது மனிதர், பேசும்போது எதிராளியின் மூக்கைப் பார்த்துப் பேசுபவர். பதிவுக்கு இரண்டு நாள் முன்பே வீட்டு மொத்தத்தையும் நாற்பத்தோரு அட்டைப்பெட்டிகளில் கட்டி, நம்பர் போட்டு அடுக்கிவிட்டார் அறிவிப்பாளர். தையல் மெஷின் முப்பத்தெட்டாவது பெட்டி. குண்டூசி டப்பா அதற்குள். அன்றிலிருந்துதான் அவள் வாய் பகலிலும் காலியாக இருந்தது. காலியான வாயில், இத்தனை காலம் அவளுக்காகப் பேசிய குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை என்று பதிவு அலுவலரே பின்னாளில் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துப் போனார்கள். அதே குரல், அதே "முழுச் சம்மதம்", அதே பெரியவர் வாசல்வரை போய்த் திரும்பினார். மறுபடி மூன்று வாரம்.

நாற்பத்தோரு பெட்டிகள் அடுக்கிய வீட்டில் வாழ்வது எப்படியென்றால், கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒருக்களித்துத்தான் போக முடியும். எதிரே ஒருவர் வந்தால் இன்னொருவர் பின்வாங்க வேண்டும். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், ஒரு பாய் மட்டும் வெளியே இருந்தன. எந்தப் பெட்டியையும் பிரிக்க அறிவிப்பாளர் விடவில்லை; நாளைக்கே போகிற வீட்டில் எதற்குப் பிரிப்பது என்றார். பின்னறையில் இருந்த ஒரே ஜன்னலையும் பெட்டிகள் மறைத்திருந்தன. அந்த ஜன்னல் குடிவந்தபோது இருந்ததல்ல. பன்னிரண்டாவது வருஷம் கழிவுநீர்க் குழாய் பதிக்க வந்த கொத்தனார் தப்பான சுவரை இடித்துவிட்டார். அடைக்க வந்தபோது வீட்டம்மா ஓட்டைக்கு முன்னால் மெஷினைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. கொத்தனார் நாலு நாள் பார்த்துவிட்டு மரச்சட்டம் அடித்துக் கொடுத்துப் போனார். அவள் சொல்லாமல் சாதித்த ஒரே காரியம் அந்த வீட்டில் அது. இப்போது அதன் மேல் இருபத்திரண்டு முதல் இருபத்தொன்பது வரை எட்டுப் பெட்டிகள்.

பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அறிவிப்பாளர் கேட்பார்:

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லேன்."

"எனக்கு என்ன வேணும், உங்க இஷ்டம்தான்" என்று அவர் குரல் அவருக்குப் பதில் சொல்லும்.

"என் இஷ்டத்தைக் கேக்கல. உன்னுதைச் சொல்லு."

"அவளுக்கு ஒண்ணும் வேணாம்."

அதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. சொந்தக் குரலோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது. எழுதிக் காட்டு என்று காகிதத்தைக் கொடுத்தார். அவள் பேனாவைப் பிடித்ததும் அவருடைய உருட்டி உருட்டி எழுதும் எழுத்தில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதன்பின் பதினோரு நாள் பேசவேயில்லை. அந்தப் பதினோரு நாளும் அவர் வீட்டுக்குள் ஒருக்களித்து நடந்துகொண்டே இருந்தார். வெளியே போனால் தேவலாம்தான், போகும் இடமெல்லாம், "என்ன சார், மாறியாச்சா?" என்று கேட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் வாரம் ஒருமுறை டேப்போடு வந்து சுவர்களை அளந்துவிட்டுப் போனார்.

"போன வாரம்தானே அளந்தீங்க தம்பி? வீடு என்ன வளரவா போகுது?"

"இல்ல சார். வெறுமனே வந்து நின்னா நல்லா இருக்காது. அதான் அளக்கிறேன்."

பன்னிரண்டாவது நாள் வீட்டம்மாவின் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாரையும் அதட்டிப் பேசிப் பழகியவள். வீட்டம்மா எடுத்து, "எப்படிடி இருக்கே?" என்றாள்.

"அத்தான், என்னை 'டி' போட்டுக் கூப்பிட உங்களுக்கு எப்போ துணிச்சல் வந்தது?" என்றாள் தங்கை.

"ஐயோ, நான் அக்காடி" என்றது அறிவிப்பாளரின் குரல்.

தங்கை மறுநாளே லீவு போட்டு வந்துவிட்டாள். அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கு இருந்தது, பற்கள் இருந்தன, உள்நாக்கு ஆடியது. டார்ச்சை அணைத்துவிட்டு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு. நீங்கதான் உள்ள ஏறி உக்காந்திருக்கீங்க. உங்க ஸ்டாப் வந்து ரொம்ப நாளாச்சு அத்தான், எறங்குங்க."

"நானா உக்காந்தேன்? எனக்கு மட்டும் சந்தோஷமா?"

"எடமில்லாம நிக்கிறவங்களைப் பாத்து உக்காந்திருக்கிறவங்க எப்பவும் இதைத்தான் சொல்வாங்க."

அந்தச் சமயத்தில்தான் தபால்காரர் உள்ளே வந்தார், ஒரு காலை இழுத்துக்கொண்டு. பேருந்துப் படியில் மாட்டி அவருடைய பேண்ட்டின் கீழ்மடிப்பு பிரிந்திருந்தது. பதினான்கு வருஷம் முன்பு அந்த மடிப்பை அடித்துக் கொடுத்தவள் வீட்டம்மாதான். தையல் பிரிந்ததிலிருந்து கணுக்காலில் யாரோ ஒரு பொம்பளை பேசுகிற மாதிரி இருக்கிறது, தெருவெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியின் முனை பட்டு இன்னும் இரண்டு தையல் தெறித்தது. மெல்லிய, கொஞ்சம் மூக்கடைத்த ஒரு குரல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தெளிவாகச் சொன்னது: "இன்னிக்கு வேணாங்க, எனக்குத் தலை வலிக்குது. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

தங்கை அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "காலை அசைக்காதீங்க" என்றாள் தபால்காரரிடம். "இது எங்க அக்கா."

அந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பாளருக்கும் தெரியவில்லை.

குண்டூசிகள் வாயில் இருந்தபோது கேட்ட கேள்விகளுக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்லத்தான் சொன்னாள். சொல் உதடுவரை வந்து குண்டூசியில் ஏறிக்கொண்டது. குண்டூசி துணிக்குப் போனது. துணியை மடித்து மேலே தையல் போட்டபோது சொல் உள்ளே தங்கிவிட்டது. முப்பத்தோரு வருஷப் பதில்கள் ஊர் முழுக்க, பேண்ட்டுகளின் அடியிலும் பாவாடைகளின் அடியிலும் திரைச்சீலைகளின் அடியிலும் இருந்தன. ஜனங்கள் அவற்றை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டார்கள்.

தபால்காரரின் மடிப்பிலிருந்து வந்த சொற்கள் அவளுடைய வாயருகே வந்ததும் உள்ளே போய்விட்டன. அதன்பின் "இன்னிக்கு", "வேணாம்", "தலை", "நீங்க", "போயிட்டு" என்று அந்த மடிப்பில் இருந்த சொற்களை மட்டும் அவளால் தன் குரலில் சொல்ல முடிந்தது. மற்றவை அவர் குரலில் வந்தன. "இன்னிக்கு" என்று மெல்லிய குரல் சொல்லும், "கொழம்புக்கு உப்பு பத்தல" என்று ஒலிபெருக்கிக் குரல் முடிக்கும். ஒரே வாயில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவதைக் கேட்கத் தெருக்குழந்தைகள் வாசலில் நின்றார்கள். தங்கை அவர்களை விரட்டவில்லை. "நின்னு கேக்கிறது இருக்கட்டும், உங்க வீட்ல எங்கக்கா தைச்சது என்னென்ன இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஊர் எடுத்துக்கொண்டு வந்தது. இதில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொண்டு வந்து வைத்தார்கள். வாசலிலிருந்து நான்காவது பெட்டியைத் தங்கை மேஜையாக்கிக்கொண்டு பிளேடால் மடிப்புகளைப் பிரித்தாள். வீட்டம்மா பக்கத்தில் வாயைச் சற்றே திறந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்டக்டரின் காக்கிப் பேண்ட்டிலிருந்து "முதுகு இல்ல டாக்டர், முழங்கை" என்று வந்தது. பள்ளித் தலைமையாசிரியையின் எட்டுத் திரைச்சீலைகளில் ஒரு முழுப் பேச்சே இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் அது பக்கத்து வீட்டம்மாளுக்குச் சொன்ன பதில் என்று தெரிந்தது. "வர்றேன், ஒரு நிமிஷம் இரு, தலை வாரிக்கிட்டு வர்றேன், எந்தப் படம், எனக்குக் கூட்டம்னா ரொம்பப் பிடிக்கும்" என்று அது போயிற்று. பக்கத்து வீட்டம்மாள் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது.

கூடத்து நாற்காலியில் அறிவிப்பாளர் இருந்தார். எழுந்து போகலாம் என்றால் இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் துணியோடு வந்தவர்கள். அவர் தன் வீட்டு விருந்தாளிகள், அவள் மருந்துகள், தான் போகாத கல்யாணங்கள், போன கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் மனைவி சொன்ன பதில்களை இரண்டு மாதம் உட்கார்ந்து கேட்டார். சிலவற்றுக்கு அவர் சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. அப்போதெல்லாம் நிமிர்ந்து தங்கையைப் பார்ப்பார்.

"பாத்தியா? இதைத்தான் நானும் சொன்னேன்."

"அதான் அவளே சொல்லியிருக்காளே. நீங்க எதுக்கு?"

அவர் மறுபடி குனிந்துகொள்வார்.

இரண்டாவது மாதக் கடைசியில் வீட்டம்மாவுக்கு அநேகமாக எல்லாச் சொற்களும் திரும்பிவிட்டன. பாலைக் காய்ச்சலாமா என்றாள், இடி இடிக்கிறது என்றாள், எறும்பு என்றாள், எல்லாம் தன் குரலில். ஒரு சொல் மட்டும் வரவில்லை. தங்கை, "சம்மதம்னு சொல்லு பாப்போம்" என்றாள், ஒலிபெருக்கி சொன்னது. "சரி, சம்மதமில்லன்னு சொல்லு" என்றாள். "சம்மதம்" என்று ஒலிபெருக்கி ஆரம்பித்தது, "இல்ல" என்று மெல்லிய குரல் முடித்தது. பதிவு அலுவலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நாற்பத்தோரு பெட்டிகளும் நகராது. ஊரில் இருந்த கடைசி மடிப்பும் பிரித்தாயிற்று. கண்ணாடிக் கடைக்காரர் தன் கடைவாசல் துணியைக்கூடக் கொடுத்துவிட்டார்.

"யோசிச்சுப் பாரு அக்கா. அது நாலு பேரு வீட்ல தினம் பொழங்குற வார்த்தை இல்ல. சம்மதமான்னு உன்னை யாரு கேட்டிருக்கா? எங்க கேட்டாங்க?"

வீட்டம்மா திரும்பினாள். அறிவிப்பாளரைப் பார்த்தாள். அறிவிப்பாளர் ஒன்றாம் நம்பர் பெட்டியைப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷம் முன்பு, அந்த வீட்டை வாங்கிய அன்று, பத்திரம் எழுதுபவரின் கடையில் பெஞ்சு ஆணி மாட்டி அறிவிப்பாளருடைய புதுச் சீருடைக் கோட்டின் உட்துணி கிழிந்தது. அன்று மத்தியானமே அவர் அதைப் போட்டுக்கொண்டு பணியில் சேர வேண்டும். அவள் அவர் பின்னால் மண்டியிட்டு, குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு, கிழிசலைக் கூட்டிப் பிடித்துத் தைத்தாள். அப்போதெல்லாம் இந்தச் சட்டம் கிடையாது. பத்திரம் எழுதுபவர் மரியாதைக்கு, "என்னம்மா, வீடு பிடிச்சிருக்கா? சம்மதம்தானே?" என்று கேட்டார். "அவளுக்குச் சம்மதம்தான், நீங்க எழுதுங்க" என்றார் அறிவிப்பாளர். அந்தக் கோட்டைத்தான் அவர் முதல் பெட்டியில் முதலாவதாக மடித்து வைத்திருந்தார். முப்பது வருஷம் போட்ட கோட். இரண்டு மாதமாக ஊரே துணி கொண்டு வந்தபோது அவர் மட்டும் கொண்டு வரவில்லை.

தங்கை அன்று ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவள் போன பிறகு இருவரும் பெட்டிகளுக்கு நடுவே வெகுநேரம் எதிரெதிராக இருந்தார்கள். வெளியே வெயில். மறைத்த ஜன்னலின் ஒரு விளிம்பு வழியாக ஒரு கோடு வெளிச்சம் இருபத்து நாலாம் பெட்டிமேல் விழுந்திருந்தது.

"அந்தக் கோட்ல என்ன இருக்குன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"எனக்கும் தெரியும்னு நினைக்கிறேன்."

"நான் பிரிக்கட்டுமா?"

"வேணாம். கொண்டா பிளேடை."

ஒன்றாம் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்தார். அவருக்குத் தையல் பிரிக்கத் தெரியாது. துணியைக் கிழித்துக்கொண்டார், விரலையும் கீறிக்கொண்டார். அவள் கெட்டித் தையல் போட்டிருந்தாள். புதுச் சீருடை, முதல் நாள், பிரிந்துவிடக் கூடாது என்று. ஒரு வழியாக உட்துணி வாய் திறந்தது. வந்த குரல், ஊரிலிருந்து வந்த எல்லாக் குரல்களையும்விட இளையது. இருபத்து நாலு வயசுக் குரல். பத்திரக் கடையில் நாலு பேர் இருக்கும் இடம் என்று தணிந்து பேசியது.

"சம்மதமில்லீங்க. இந்த வீட்ல ஒரு ஜன்னல்கூட இல்ல. இன்னும் ரெண்டு வீடு பாத்துட்டு முடிவு பண்ணலாமே."

சொற்கள் அவர் கைக்கும் அவள் வாய்க்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவளிடம் போயின. மௌனம் விழுந்தது, அவர் அதை விழவிட்டார். அவ்வளவு நீள மௌனத்தில் ஏழெட்டு வண்டி தவறியிருக்கும். கடைசியில், கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பாத்திருக்கலாம்" என்றார்.

"பாத்திருக்கலாம்தான்" என்றாள் அவள்.

நடுவில் வந்த இரண்டு தேதிகளையும் தள்ளிவைத்துவிட்டு, ஐந்தாவது தேதிக்குப் போனார்கள். அவர் பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். கண்ணாடிக் கடைக்காரர் டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். லீவு எடுத்து வந்த தங்கை, அக்கா சம்மதமில்லை என்று போட்டு உடைக்கப் போகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிவு அலுவலர் கேட்டார்: "இந்த வீட்டை விக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?"

வீட்டம்மா வாயைத் திறந்தாள். உள்ளே சம்மதம் இருந்தது, சம்மதமில்லை இருந்தது. ஆனால் அவையெல்லாம் பழைய கேள்விகளுக்கு வந்த பழைய பதில்கள். அந்த வீட்டை அவள் வேண்டாம் என்றிருந்தாள்; அதே வீட்டில் ஓர் ஓட்டையை நாலு நாள் உட்கார்ந்து ஜன்னலாக்கியும் இருந்தாள். ஆறாவது மாடியை அவள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்கு எந்த மடிப்பிலும் பதில் இல்லை. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.

குரல் கதவுவரைகூட எட்டவில்லை. வரிசையில் யாரும் பையை எடுக்கவில்லை. பெரியவர் உட்கார்ந்தே இருந்தார்.

"எவ்வளவு நாளாகும்மா?"

"தெரியலீங்க. இப்பத்தானே என்னை மொதத் தடவையா கேக்கிறீங்க."

பதிவு அலுவலர் சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். சம்மதம் என்று சொல்லலாம், இல்லை என்று சொல்லலாம் என்று இருந்தது. எத்தனை நாளைக்குள் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. "யோசிக்கிறார்" என்று எழுதி, முத்திரை குத்தி, கோப்பை மூடினார். வெளியே வந்த தங்கை, "இதுக்கா ரெண்டு மாசம் நான் மடிப்பு பிரிச்சேன்" என்றாள். பிறகு பேருந்து ஏறும்வரை அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. கோப்பு அப்படியே இருக்கிறது. வீடு விற்கவும் இல்லை, விற்காமலும் இல்லை. கோட் இருந்த ஒன்றாம் பெட்டி போக, முப்பத்தெட்டாம் நம்பர் பெட்டியையும், ஜன்னலை மறைத்த எட்டுப் பெட்டிகளையும் மட்டும் பிரித்தார்கள். மீதி முப்பத்தொன்றும் நம்பரோடு சுவர் ஓரம் நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே இன்னும் ஒருக்களித்துத்தான் நடக்கிறார்கள். அறிவிப்பாளருக்கு இன்னும் காது அடைத்துக்கொள்கிறது. ஆறாவது மாடிக்காரர்கள் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டம்மா இரண்டு முறை போய்ப் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். இன்னொரு முறை மழைநாளில் பார்க்க வேண்டும் என்றாள். கண்ணாடிக் கடைக்காரர் எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டார், அளக்கப் பக்கம் என்று. பதிவு அலுவலகப் படிவத்தில் இப்போது மூன்று கட்டங்கள் அச்சாகி வருகின்றன: சம்மதம், சம்மதமில்லை, யோசிக்கிறார். மூன்றாவதில் குறியிட்டவர்கள் இதுவரை பதினேழு பேர், அதில் ஆறு பேர் ஆண்கள் என்று கேள்வி.

பின்னறையில் மெஷின் ஓடுகிறது. குண்டூசிகளை இப்போது அறிவிப்பாளர்தான் வாயில் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கை நீட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். யாராவது வந்து, "என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டால் அவருக்கு உதடு துடிக்கிறது, குண்டூசிகள் நடுங்குகின்றன. அவள் தையலை முடித்து, நூலை அறுத்து, நிதானமாக, "இன்னும் இல்ல" என்கிறாள். அவர் சொல்ல நினைத்தது குண்டூசியில் ஏறித் துணிக்குப் போய்விடுகிறது. ஆகவே இந்த நாலு வருஷத்தில் அங்கே துணி திருத்தியவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். என்றாவது உங்கள் மடிப்பு பிரிந்து, கணுக்காலிலிருந்து ஒரு கனத்த குரல், "வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்று சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அந்த வண்டி இன்னும் புறப்படவில்லை.